முதல் பனலின் இடது மூலை

ஜூன் 30, திங்கள்

காலை எட்டு மணிக்கே இருபத்தேழு டிகிரி. பின்னேரம் முப்பத்துமூன்று வருமாம். மோர்டன் ஸ்டேஷனில் எல்லார் முகமும் செத்த வீட்டு முகம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். வெயில் எறித்தால் சோலர்க்காரிக்கு வேறென்ன வேண்டும்.

செய்ய வேண்டியது:
கவுன்சில் மானியப் படிவம். வெள்ளி காலை பார்க்க ஆள் வருகிறது!!
பனல் செய்த கொம்பனிக்குக் கடிதம். சூடாக.
ஃபான் (ரூட்டிங் கடைகளில் முழுக்க முடிந்துவிட்டதாம், பொய்)
முழங்காலுக்கு டொக்டர்
கணவாய்

கோலியர்ஸ் வுட் யார்டில் எட்டரைக்கு. சட்டனில் இன்று புதுக் கூரை. சாமான் வான் புறப்பட முன் முதல் பனலில் பிள்ளையார் சுழி ஒட்டிக்கொண்டிருந்தேன். கண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரோட்டு எஞ்சினியர், எங்களிடம் வந்து நாலு மாதம்.

"இது எதுக்குக்கா ஒட்டறீங்க?"

நாலு மாதம் கழித்துக் கேட்கிறார் கேள்வி. "கடிதம் எழுதினாலும் சுழி போட்டுத்தானே தொடங்கிறனாங்கள்? கூரை மட்டும் என்ன பாவம் செய்தது?" என்றேன். "சரிங்க்கா" என்று போய்விட்டார்.

இதில் எனக்குப் பெருமைதான், ஏன் ஒளிக்க வேண்டும். பன்னிரண்டு வருட வழக்கம். எந்தக் கூரைக்கும் முதலில் ஏறும் பனலில், இடது கீழ் மூலையில், உள்ளங்கை அளவு மஞ்சள் ஸ்டிக்கர், சிவப்பில் உ. யோசனை என்னுடையது. ஈஸ்ட் ஹாமில் அச்சடித்தது நான். மழைக்கும் வெயிலுக்கும் அசையாத ரகமாகக் கேட்டு வாங்கினேன். ஒட்டுவதற்கு வேலைப் பெடியளை விடமாட்டேன். கண்ணாடியைத் துடைத்து, பழைய பாங்க் கார்ட்டால் வழித்து, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டுவேன். குலம் அண்ணைக்கே அந்த நேர்த்தி வராது.

குலம் அண்ணை (இனி கு.அ., கை வலிக்கிறது) காலையிலேயே புறுபுறுப்பு. கூரை அவருடைய இராச்சியம், பெஞ்சும் பேப்பரும் என்னுடையது. ஜெர்மனியை விட்டு இங்கு வந்த நாளிலிருந்து அண்ணனும் தங்கையும் இப்படித்தான் சண்டை பிடித்துப் பிடித்தே கொம்பனி நடத்துகிறோம்.

படிவம். ஏழாம் கேள்வி: உங்கள் ரீஜெனரேட்டிவ் வணிக முறைகளால் கிடைத்த பலன்கள் என்ன?

கு.அ.: "ரீ... என்னது?"

கண்ணன்: "எடுத்ததவிடக் கொஞ்சம் அதிகமாத் திருப்பிக் குடுக்கறதுங்க அண்ணா. அவ்ளோதான்."

கு.அ.: "அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் ஸ்கிப்பை நிறைச்சு நிறைச்சுக் குடுத்தனாங்கள்தானே!"

சிரித்துக் களைத்தோம். ஆனால் உண்மை அது. போன வருடம் வரை கூரையில் இருந்து கழற்றிய பழைய பனல் எல்லாம் நேரே குப்பைத் தொட்டிக்கு, அந்தப் பெரிய இரும்புத் தொட்டிக்கு. தை மாதத்தில் இருந்துதான் திருப்பி எடுத்துப் பெஞ்சில் வைத்துச் சோதிக்கிறோம். நான் அடம்பிடித்துத் தொடங்கியது. பாதிக்கு மேல் உயிரோடு இருக்கின்றன!

பலன்கள் (குறிப்பு மட்டும்):
செத்தது என்று எறிந்தவை சாகவில்லை.
தோட்டக்காரர் சங்கத்துக்கு நாலு பழைய பனல், தண்ணீர்ப் பம்ப் ஓடுகிறது. தங்கள் தோட்டத்து லீக்ஸும் போஞ்சியும் தந்தார்கள்.
குளிர்காலத்தில் கூரை வேலை இல்லாத நாளில் பெடியளுக்கு பெஞ்ச் வேலை. ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.
கு.அ.வின் நாரிக்கு (இடுப்புக்கு) ஆறுதல். தொட்டிக்குள் தூக்கி எறிவது நின்றது.

நல்ல பட்டியல். இன்னும் இரண்டு வேண்டும்.

கடிதம் தொடங்கவில்லை. திரும்பி வந்ததில் ஆறு பனல், ஆறு வீட்டில் இருந்து. ஆறிலும் ஒரு மூலையில் மண்ணிறமாகக் கருகல், பின்பக்கம் கொப்புளம். களவாணிக் கொம்பனி, மட்டமான சாமான் அனுப்பியிருக்கிறான். நாளைக்குக் கொடுக்கிறேன் அவனுக்கு.

ஃபான் கிடைக்கவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

முப்பத்துநாலு. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்குக் கடிதத்தில் "வெட்கக்கேடு" என்பதற்கு ஆங்கிலத்தில் நல்ல சொல் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணன் வந்தார். "அக்கா, அனுப்பிட்டீங்களா? அனுப்பாதீங்க."

ஆறு பனலையும் யார்டில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

"இதுல மூணு கம்பெனிக்கா. ரெண்டு சைனா, ஒண்ணு ஜெர்மனி. மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே மூலையிலயா தப்புப் பண்ணுவாங்க?"

ஒரே மூலை. இடது கீழ் மூலை. நான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் விரலால் கண்ணாடியைத் தடவினார். பிறகு என்னையும் தடவச் சொன்னார். ஒட்டியது. பழைய பசை. வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் வட்டமாகத் தெரிகிறது. உள்ளங்கை அளவு.

ஐயோ.

உட்காரக் கதிரை இல்லை, தரையில் இருந்துவிட்டேன். கண்ணன் தண்ணீர் கொண்டு வந்து தந்தார்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? ஒரு பனலுக்குள் அறுபது சதுரம், எல்லாம் வரிசையாகக் கைகோர்த்தபடி. ஒன்றில் நிழல் விழுந்தால் அது மின்சாரம் தராது, மற்றவை தருவதை வாங்கித் தான் சூடாகும். கஸ்டமருக்கெல்லாம் நான்தான் பாடம் எடுப்பது. மரத்தை வெட்டுங்கள், புறா எச்சம் கூட விடாதீர்கள். துண்டுப் பிரசுரம் அடித்திருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும்! மரத்து நிழலாவது நகரும். பன்னிரண்டு வருடமாக நகராத நிழலை நானே ஒட்டி அனுப்பியிருக்கிறேன். விசரி. படித்த விசரி.

ஆனால் ஸ்டிக்கர் எங்கே? ஆறிலும் ஒன்றுகூட இல்லை. அது இருந்திருந்தால் முன்னமே கண்டிருப்போமே.

கு.அ. மத்தியானம் சட்டனில் இருந்து வந்தார். கேட்டேன்.

"பழைய பனல் கழட்டேக்கை அதிலை சுழி இருக்குமே, என்ன செய்யிறனீங்கள்?"

"பிள்ளையார் சுழியைக் குப்பைக்குள்ளை போடுறதோ? உரிச்சு எடுத்து வைச்சிருக்கிறன்."

"எங்கை?"

"வீட்டிலை. சாமித் தட்டுக்குக் கீழை."

போய் எடுத்து வந்தார். நீல நிற பிஸ்கட் டின். மூடியைத் திறந்தேன். எங்கள் மஞ்சள் ஸ்டிக்கர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, பக்குவமாக. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முன்பக்கம் வெளிறிய மஞ்சள். பின்பக்கம் தீய்ந்த தோசை.

இத்தனை வருடமும் சாட்சியை அவர் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் கைகாட்டிய குற்றவாளி எங்கோ சைனாவில்.

கு.அ. டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "உது வெயிலாலை வந்தது" என்றார். "வெயிலாலைதான்" என்றார் மறுபடியும், யாரோ மறுத்துப் பேசியது போல.

சாப்பிடவில்லை. வாங்கின கணவாய் மீன் ஃபிரிட்ஜில்.


ஜூலை 2, புதன்

மேகம், ஆனால் புழுக்கம். பதினொரு மணிக்கு வெயில் வந்தது.

கண்ணன் சோதனை செய்தார். நல்ல பனல் ஒன்று, புதுசு, யார்டில் சாய்த்து வயரும் கொடுத்தாயிற்று. ஸ்டிக்கரை என்னையே ஒட்டச் சொன்னார். "நீங்க ஒட்டற மாதிரி எனக்கு வராதுக்கா." கார்ட்டால் வழித்தேன். வழிக்கும்போது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இருபது நிமிடம். சூட்டுக் கமராவில் பனல் முழுக்க நீலம், மூலையில் மட்டும் வெள்ளை நெருப்புக் கட்டி. மற்ற இடம் நாற்பத்தெட்டு டிகிரி, அந்த மூலை நூற்றுப்பத்து. இருபது நிமிடத்தில்! இது பன்னிரண்டு கோடைக்குக் கிடந்தால்?

கு.அ. கமராவை வாங்கித் தானும் பார்த்தார். ஸ்டிக்கரை உரித்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை மறைந்தது. திருப்பி ஒட்டினார். திருப்பி வந்தது. மூன்று தரம் செய்தார்.

"ஆருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். "வெள்ளிக்கிழமை கவுன்சில்காரி வந்து போகட்டும். பிறகு ஒவ்வொரு கூரையா ஏறி, சர்வீஸ் எண்டு சொல்லி, உரிச்சுப் போடுவம்."

"பிறகு எண்டால் எப்ப?"

"ஒரு மாசம். ரெண்டு மாசம்."

"அண்ணை, வெளியிலை முப்பத்துநாலு டிகிரி."

"எங்கடை பேரை நாங்களே நாறடிக்கிறதோ? பன்னிரண்டு வருசம் வதனி! ஒரு சனம் குறை சொன்னதோ?"

"குறை சொல்லாததுதானே பயம்!"

கத்தினேன். யார்டுக்குப் பக்கத்தில் டயர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

வீட்டுப் பட்டியல் எடுத்தேன். இன்னும் கூரையில் இருப்பவை நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றிலும் ஒரு சுழி. நாற்பத்தொரு மூலைதானே, என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு தலையை நிமிர்த்தினால் எதிரே சுவரில் அந்தப் படம்.

மோர்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். தட்டைக் கூரை மண்டபம். எங்கள் அழகான வேலை அதுதான் என்று பிரேம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். திறப்பு விழாவுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன் (எப்போதும் நான்தான்): ஒரு பனல் அல்ல, எல்லாப் பனலுக்கும் சுழி. கூரைக்கு ஏற்றுமுன் ஆளுக்கொரு பனலாகப் பிள்ளைகளே ஒட்டட்டும், பனலின் பின்பக்கத்தில் தங்கள் பெயரும் எழுதட்டும். நவம்பர் மாதம், தூறல். குளிர்கோட்டும் கையுறையுமாகப் பிள்ளைகள், ஆளுக்கொரு மஞ்சள் ஸ்டிக்கர். இருபத்துநான்கு பனல், இருபத்துமூன்று பிள்ளைகள். ஒன்றுக்குக் காய்ச்சல், வரவில்லை. அதன் பனலுக்கு நான் ஒட்டினேன்.

இருபத்துநாலு நெருப்புக் கட்டி. அதற்குக் கீழே ஒவ்வொரு சனியும் நாற்பது பிள்ளைகள் அ ஆ எழுதுகிறார்கள். போன சனி முப்பத்திரண்டு டிகிரி. ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததாக ரீச்சர் சொன்னா.

கு.அ.வைக் கேட்காமல் ஃபோனை எடுத்தேன். சிவமலர் ரீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பானவர். "ரீச்சர், இண்டைக்கே போய் மண்டபத்து மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலை இருக்கிற சிவப்புத் திருகியை ஓஃப் பண்ணுங்கோ. பண்ணிப்போட்டு எனக்குப் படம் அனுப்புங்கோ."

"என்னம்மா வதனி, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். ரீச்சர் "என்ரை அம்மாளாச்சி" என்று மட்டும் சொன்னா. அரை மணித்தியாலத்தில் படம் வந்தது. ஓஃப். சுவிட்ச் ஓஃப் என்றால் மின்சாரம் ஓடாது, மின்சாரம் ஓடாவிட்டால் மூலை சூடாகாது. மூச்சு வந்தது.

கு.அ. வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். வானை எடுத்துக்கொண்டு போனார்.


ஜூலை 3, வியாழன்

வெயில் குறைவு, இருபத்தைந்து. காற்று. கடவுள் கொஞ்சம் இரங்கினார்.

கு.அ. என்னோடு கதையில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை மட்டும் மேசையில் டக்கென்று வைத்தார். சீனி போட்டிருந்தார். கோபத்திலும் மறக்கவில்லை.

காலை முழுக்க ஃபோன். பட்டியலில் உள்ளவர்களுக்கெல்லாம் ஒரே செய்தி: சுவிட்சை ஓஃப் பண்ணுங்கோ, நாங்கள் வந்து அந்தப் பனலைப் பார்க்கிறோம், பழுதென்றால் மாற்றித் தருகிறோம், பிழை எங்களுடையது.

பதில்கள்:
"சரி அக்கா, ஆறுதலா வாங்கோ." (இப்படித்தான் அதிகம். எதிர்பார்க்கவில்லை.)
"என்ரை லோயரோடை கதையுங்கோ." (ஒருவர்.)
"ஸ்டிக்கரா? எந்த ஸ்டிக்கர்?" (மூன்று பேர்! என் ஸ்டிக்கரைக் கண்ணாலேயே காணவில்லை.)
ஹரோ அங்கிள்: "அதை நான் முதல் கிழமையே ஏணி வைச்சு ஏறி உரிச்சுப் போட்டன் பிள்ளை. நீங்கள் மனம் நோவியள் எண்டு சொல்லேல்லை." இதற்குத்தான் அப்படியே உறைந்து போனேன். அந்த மனுசனுக்கு விளங்கியிருக்கிறது!

பின்னேரம் ஈஸ்ட் ஹாம், மனோன்மணி அன்ரி வீடு. முதன்முதலில் எங்களை நம்பிக் கூரையைத் தந்தவர். கண்ணனோடு ட்யூப் ரயிலில் போனேன். ஹை ஸ்ட்ரீட்டில் சுழி அச்சடித்த அந்த அச்சகத்தைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அன்ரி கதவு நிலையில் நின்று மறித்துவிட்டார்.

"சுழியை உரிக்கவோ? நான் விடமாட்டன். அது ஏறின வருசம்தான் மகனுக்கு டொக்டர் படிப்புக் கிடைச்சது. அதுக்குப் பிறகுதான் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. உரிச்சுப்போட்டு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு, நீயோ?"

"அன்ரி, அது கிடந்தாத்தான் நான் பொறுப்பு. வீடு எரிஞ்சா?"

"பிள்ளையார் எரிப்பாரோ?"

"பிள்ளையார் எரிக்கமாட்டார் அன்ரி. நான் ஒட்டின இடம் எரிக்கும்."

கண்ணன் மெதுவாக: "அம்மா, உரிக்க வேணாம். கீழ இறக்கி வெச்சுக்கலாம். படிக்குக் கீழ இன்வெர்ட்டர் பெட்டி இருக்குதுல்ல, அது மேல. தெனமும் நீங்க பாத்துக் கும்பிடலாம். மேல இருந்தா யாரு பாக்கறா? புறாதான்."

அன்ரி யோசித்தார். "தம்பி சொல்லுறது ஒரு நியாயம்" என்றார். எனக்கு இந்த மூளை பன்னிரண்டு வருடம் முன்பு வந்திருக்கக் கூடாதா. இன்வேர்ட்டர் பெட்டி இரும்பு, அதில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை.

கண்ணன் ஏறினார். மூலை மண்ணிறம், பின்பக்கம் கொப்புளம், ஓட்டை இல்லை. பனலைக் கழற்றிக் கீழே இறக்கியதும் அன்ரி வந்து அந்தக் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார், சூடே இல்லை. பிறகு எங்கள் இருவருக்கும் வடையும் பால் விடாத பிளேன் ரீயும். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.


ஜூலை 4, வெள்ளி

மழை வரும் போல, வரவில்லை. புது ஃபான் சத்தம் போடுகிறது (டயர் கடைக்காரன் தந்தது, பழையது, வேலை செய்கிறது. அவனும் ரீஜெனரேட்டிவ்).

கவுன்சில் பெண்மணி பத்து மணிக்கு. சைக்கிளில் வந்தார். பெஞ்சைக் காட்டினேன், உயிர் வந்த பனல்களைக் காட்டினேன், தோட்டத்துப் பம்ப் வீடியோ. தலையாட்டித் தலையாட்டி எழுதினார். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ஆறு பனலையும் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தேன். ஆம், மூடினேன். புதன்கிழமை அப்படிக் கத்திய நான்தான் மூடினேன். எழுதத்தான் வேண்டும்.

அப்போது கு.அ. உள்ளே வந்தார். இரண்டு நாளாகக் கதைக்காத மனுசன். நீல பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அந்த அம்மா முன்னால் மேசையில் வைத்தார். அந்த அம்மா பிஸ்கட் என்று நினைத்துச் சிரித்தபடி "ஓ, லவ்லி" என்றார். கு.அ. மூடியைத் திறந்தார்.

பிறகு தார்ப்பாயையும் அவரே இழுத்தார். தன் உடைந்த ஆங்கிலத்தில் முழுக்கச் சொன்னார். வீ டிட் திஸ். நோ ஒன் எல்ஸ். டுவெல்வ் இயர்ஸ். மை சிஸ்டர் ஃபோன் எவ்ரிபடி. ஐ சே நோ ஃபோன். ஐ வாஸ் ரோங்.

நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். இந்த மனுசன் தன் பிழையை ஒத்துக்கொண்டு நான் வாழ்நாளில் கண்டதில்லை. இரண்டு மொழியிலும் கண்டதில்லை. ஜெர்மன் சேர்த்தால் மூன்று.

பெண்மணி ஒரு ஸ்டிக்கரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இதை யார் கண்டுபிடித்தது? வெளியில் இருந்து யாராவது வந்தார்களா?" என்று கேட்டார்.

"இல்லை. பனல் திரும்பி வந்ததால் கண்டோம்."

எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படிவத்தின் ஏழாம் கேள்வி இன்னும் முடியவில்லையே என்றார், திங்களுக்குள் அனுப்பச் சொன்னார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மானியம் கிடைக்குமா, கிடைக்காதா, தெரியாது.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"நேத்து முழுக்க நான் கூரையிலை நிண்டனான்" என்றார். "என்ரை வீட்டுக் கூரையிலை. எங்களதும் ஒண்டு பட்டியல்லை இருக்கெல்லே. நீ மறந்திட்டாய்."

மறந்துதான் போனேன்.

"உரிச்சுப் பாத்தன், அதே கருகல். கீழை பிள்ளையளின்ரை அறை" என்றார்.

ஏழாம் கேள்விக்கு எழுதியது: திங்கட்கிழமைப் பட்டியல் அப்படியே (பம்ப், போஞ்சி, குளிர்கால வேலை, நாரியை மட்டும் வெட்டினேன்). கடைசியாக ஒன்று சேர்த்தேன்: நாங்கள் செய்தது எங்களிடமே திரும்பி வருகிறது, அதனால் எங்கள் பிழையும் திரும்பி வந்தது, எறிந்துகொண்டே இருந்திருந்தால் இன்னொருவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்திருப்போம்.

வாசித்துப் பார்த்தேன். படிவத்துக்குச் சரியாக இல்லை. அப்படியே அனுப்பினேன்.


ஜூலை 5, சனி

மப்பு வானம். இருபத்திரண்டு. கூரை வேலைக்கு நல்ல நாள்.

ஒன்பது மணிக்கு மோர்டன். வகுப்பு எல்லாம் வெளியே கார்ப் பார்க்கில், பாயும் மடக்குக் கதிரையும். சிவமலர் ரீச்சர் ஒலிபெருக்கியில்: "பிள்ளையள், மேலை பாக்காமல் கொப்பியைப் பாருங்கோ!" ஒரு பிள்ளையும் கொப்பியைப் பார்க்கவில்லை. பெற்றோர் ஒரு பக்கம் கூட்டமாக. எல்லாருக்கும் ரீச்சர் சொல்லியிருக்கிறா. ஒருவர் கண்ணையும் என்னால் பார்க்க ஏலவில்லை. அந்தப் படத்தில் நின்ற ஒரு பெண் வந்திருந்தாள், அப்போது ஆறு வயது, இப்போது என்னைவிட உயரம். "அன்ரி, மைன் இஸ் நம்பர் நைன்" என்றாள். "இஸ் இட் பேட்?" தெரியாது குஞ்சு என்றேன்.

கு.அ.வும் கண்ணனும் மேலே. நான் ஏணி பிடித்துக்கொண்டு கீழே, முழங்கால் காரணம்.

மேலே இருந்து கு.அ.வின் குரல்: "வதனி! ஸ்டிக்கரைக் காணேல்லை!"

"எதிலை?"

"ஒண்டிலையும் இல்லை! ஒன்பது, பத்து, பதினொண்டு... ஒண்டிலையும் இல்லையடி!"

கண்ணன் கமராவைக் கொண்டு ஓடுகிறார், தலை தெரிகிறது, மறைகிறது. பன்னிரண்டு நல்லது. பதினெட்டு நல்லது. பின்னால் பெற்றோர் பக்கம் யாரோ கைதட்டினார்கள். ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. ஏணியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். ஐயோ பிள்ளையாரே, ஐயோ பிள்ளையாரே என்று வாய் தானாகச் சொல்கிறது. இருபத்துமூன்று நல்லது.

பிறகு மேலே சத்தம் இல்லை.

கூப்பிட்டேன். முழங்கால் கிடக்கட்டும் என்று ஏறினேன்.

தெற்குப் பக்கம், கடைசிப் பனல். ஸ்டிக்கர் ஒரு மயிரிழை அசையாமல் இருந்தது. மஞ்சள் வெளிறியிருந்தது, சிவப்பு உ அப்படியே. கண்ணாடி அதைச் சுற்றி நட்சத்திரமாக வெடித்திருந்தது. கு.அ. பனலைத் தூக்கிச் சாய்த்தார். பின்பக்கத்தில் விரல் போகும் ஓட்டை, விளிம்பெல்லாம் கரி. அதற்கு நேர் கீழே ஒரு புறாக்கூடு. காய்ந்த சுள்ளி, வைக்கோல், பிளாஸ்டிக் கயிறு. கூட்டின் ஒரு பக்கம் கறுப்பு. எப்போதோ ஒரு தரம் பற்றித் தானாக அணைந்திருக்கிறது. தானாக. அதற்குக் கீழே தார் ஃபெல்ட், அதற்குக் கீழே பலகை, அதற்குக் கீழே சின்னப் பிள்ளைகள் வகுப்பு.

பின்பக்க மூலையில் மார்க்கரில் பெயர். எனக்கு வாசிக்கத் தேவையில்லை. வதனி அன்ரி.

கண்ணன் மெல்லச் சொன்னார்: "மத்ததெல்லாம் ஈரக் கண்ணாடில, கையுறையோட, பசங்க ஒட்டுனதுங்க்கா. மொதக் குளிருக்கே காத்துல போயிருக்கும்."

என்னுடையதை நான் சால்வையால் துடைத்துவிட்டு ஒட்டினேன். நினைவிருக்கிறது. தூறலுக்குக் குனிந்து மறைத்துக்கொண்டு, கார்ட்டால் வழித்து, ஒரு குமிழி இல்லாமல். பிள்ளைகளுக்குக் காட்டினேன், பாருங்கோ, இப்பிடித்தான் ஒட்ட வேணும் என்று.

கு.அ. கையால் உரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிளேடு கேட்டார்.

ஹரோ அங்கிளையும் கழித்தால் பட்டியலில் இன்னும் முப்பத்தேழு இடம். நாளை சட்டன். எல்லாம் நான் ஒட்டியவை. நன்றாக ஒட்டியவை.